ஆற்றங்கரை வீட்டுக்குப் புதிய விதி வருகிறது, அதற்குள் மரத்தை வெட்டிவிடலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

மினசோட்டாவில், மினியாபொலிஸ்–செயின்ட் பால் இரட்டை நகரங்களை ஒட்டிய ஒரு சிறு நகரம். மிசிசிப்பி ஆற்றைப் பார்த்த மேட்டின் மேல் இவர்களுக்கு வீடு. 1964இல் கட்டியது, ஆறு வருடத்துக்கு முன் வாங்கியிருக்கிறார்கள். மாமனாரும் மாமியாரும் இனி இவர்களோடுதான் இருக்கப்போகிறார்கள். விருந்தினர் அறை பேஸ்மென்டில் இருக்கிறது. மாமியாருக்கு முழங்கால் தேய்மானம், படி இறங்க முடியாது. அதனால் மேல்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை கட்டவேண்டும். கூடவே பின்பக்கம் ஆற்றைப் பார்த்து ஒரு டெக் போடவும் ஆசை. டேப் பிடித்து அளந்ததில், வீட்டின் பின்சுவர் சரிவின் விளிம்பிலிருந்து ஒரு பாதியில் 30 அடி, சமையலறை இருக்கும் பாதியில் 46 அடி. மனையின் அகலம் 90 அடி.

இந்த நேரம் பார்த்து, ஆற்று வழித்தடத்துக்கான புதிய ஸோனிங் ஆர்டினன்ஸை, அதாவது எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் உள்ளூர்ச் சட்டத்தை, நகர்மன்றம் அடுத்த மாதம் ஓட்டுக்கு எடுக்கிறது. மாநிலத்தின் இயற்கை வளத் துறையான டி.என்.ஆர் வரைவைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டது. வரைபடத்தில் இவர்கள் தெரு ‘ரிவர் நெய்பர்ஹுட்’ என்ற பிரிவில் வருகிறது.

வாசகி கேட்கிறார்: “மாநிலமே ஒப்புக்கொண்ட பிறகு கூட்டத்துக்குப் போய் என்ன பிரயோஜனம்? எங்கள் வீடு சட்டவிரோதம் ஆகிவிடுமா? ஊரில் ஆற்றங்கரை இடத்தைப் புறம்போக்கு என்பார்களே, அப்படி எழுதிவிடுவார்களா? நஷ்டஈடு கேட்கலாமா? எங்களுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை, அதனால் இது செல்லாது என்கிறார் என் கணவர். விதி வருவதற்குள் ஆற்றை மறைக்கிற மரங்களை வெட்டிவிடலாம் என்று வரும் சனிக்கிழமைக்கு ஆளும் பேசிவிட்டார். நாங்கள் கிரீன் கார்டில் இருப்பவர்கள், கூட்டத்தில் பேச எங்களுக்கு உரிமை உண்டா?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சனிக்கிழமை வேலையை நிறுத்துங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை, வெட்டிய மரம் அப்படி இல்லை.

உங்கள் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஓர் எண்ணம் ஓடுகிறது: மாநிலம் எழுதிய விதி, நகர்மன்றம் வெறுமனே கையெழுத்துப் போடுகிறது, நாம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் உங்கள் அறை இருக்கிறது.

இது யார் போட்ட விதி?

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்மூரில் ஆர்டினன்ஸ் என்றால் ஆளுநரோ குடியரசுத் தலைவரோ போடும் அவசரச் சட்டம். இங்கே அப்படி இல்லை. நகர்மன்றம் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்து, ஓட்டெடுத்துப் போடும் சாதாரண உள்ளூர்ச் சட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். “திடீரென்று ஆர்டினன்ஸ் கொண்டுவருகிறார்கள்” என்று நீங்கள் பதறியிருப்பதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

திடீரென்று வந்ததும் அல்ல. மினசோட்டா 1973இல் ‘கிரிட்டிக்கல் ஏரியா’ சட்டம் போட்டது. 1976இல் அப்போதைய ஆளுநர் வெண்டல் ஆண்டர்சன் இரட்டை நகரங்கள் வழியாக ஓடும் மிசிசிப்பியின் 72 மைல் நீளத்தை அதன்கீழ் கொண்டுவந்தார். 1979இல் ஆளுநர் அல் குவீ அதைப் புதுப்பித்தார். வடக்கே டேட்டன், ராம்ஸி நகரங்களில் தொடங்கி, தெற்கே ஹேஸ்டிங்ஸைத் தாண்டும்வரை, சுமார் 54,000 ஏக்கர். முப்பது உள்ளாட்சிகள் அளவுக்கு இதில் வருகின்றன. 1988இல் அதே நிலப்பரப்பை அமெரிக்க நாடாளுமன்றம் தேசியப் பூங்கா அமைப்பிலும் சேர்த்தது. பூங்கா என்றதும் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று பயப்படவேண்டாம். அந்த எல்லைக்குள் தேசியப் பூங்காத் துறைக்குச் சொந்தமான நிலம் மிகக் கொஞ்சம். தனியார் மனைக்கு ஸோனிங் போடும் அதிகாரம் அதற்கு இல்லை. கருத்துச் சொல்லும், அவ்வளவுதான்.

பழைய ஆணை எழுபதுகளின் மொழியில் இருந்தது. அதன்படி ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு ஒன்று எழுதி வைத்திருந்தது. சட்டமன்றம் 2009இல் டி.என்.ஆரிடம் புதிதாக விதி எழுதச் சொன்னது. இழுபறிக்குப் பிறகு, மாநில விதித்தொகுப்பின் 6106ஆம் அத்தியாயமாக அது 2017 ஜனவரி 4 முதல் அமலுக்கு வந்தது. வழித்தடம் முழுக்க ஆறு வகை மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. நகர மையத்தில் வானளாவிய கட்டடம் இருக்கிற இடத்துக்கும், ஆற்றோரம் பெரும்பாலும் காடாக இருக்கிற இடத்துக்கும் ஒரே அளவுகோல் சரிப்படாது என்பதுதான் காரணம். உங்களுடைய ‘ரிவர் நெய்பர்ஹுட்’ அந்த ஆறில் ஒன்று. அதில் கட்டட உயரம் 35 அடிக்குள் இருக்கவேண்டும். மிசிசிப்பியின் சாதாரண உயர்நீர் மட்டத்திலிருந்து 100 அடி, ப்ளஃப்லைனிலிருந்து 40 அடி தள்ளிக் கட்டவேண்டும். இப்படி விடவேண்டிய இடைவெளிக்குத்தான் செட்பேக் என்று பெயர். ப்ளஃப் என்பது ஆற்றோர மேட்டின் செங்குத்தான சரிவு, ப்ளஃப்லைன் என்பது அதன் மேல்விளிம்பு.

மாநில விதி நேரடியாக உங்கள் வாசற்கதவைத் தட்டுவதில்லை. நகரம்தான் அதைத் தன் சட்டமாக எழுதிக்கொள்ளவேண்டும். முதலில் நகரத்தின் நீண்டகாலத் திட்டத்தில் ஆற்றுக்கென்று ஓர் அத்தியாயம். பிறகு அதற்கு ஏற்ற ஆர்டினன்ஸ் வரைவு. வரைவை இரட்டை நகரப் பகுதிக்கான திட்டமிடல் அமைப்பான மெட்ரோபாலிட்டன் கவுன்சில் பார்த்துக் கருத்தெழுதும், டி.என்.ஆர் படித்துத் திருத்தம் சொல்லும் அல்லது ஒப்புதல் தரும். ஒப்புதல் பெற்ற வடிவத்தில் நகர்மன்றம் நிறைவேற்றினால்தான் அது செல்லும். கடைசி நிமிடத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து ‘40 அடியை 25 ஆக்குவோம்’ என்று திருத்தி நிறைவேற்றினால், அது மறுபடி டி.என்.ஆரிடம் போகவேண்டும். ‘எங்களுக்கு இந்தச் சட்டமே வேண்டாம்’ என்று ஓர் ஊர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியாது. அப்படிச் செய்தால் அந்த ஊருக்கான விதியை மாநிலமே எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

நகர்மன்றத்தின் கையில் மிச்சம் இருப்பது

இதைப் பார்த்துத்தான் ‘எல்லாம் முடிந்த கதை’ என்று நினைத்துவிட்டீர்கள். வரைவை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். டி.என்.ஆர் ஒரு மாதிரி ஆர்டினன்ஸ் தயாரித்து எல்லா ஊருக்கும் கொடுத்திருக்கிறது. பெரும்பாலான நகரங்கள் அதை வைத்துக்கொண்டுதான் எழுதுகின்றன. மாநில விதியில் சில இடங்களில் ‘செய்தே ஆகவேண்டும்’ என்று இருக்கிறது. சில இடங்களில் ‘உள்ளாட்சி அனுமதிக்கலாம்’ என்று இருக்கிறது. அந்த ‘லாம்’ எங்கெல்லாம் வருகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அங்கேதான் உங்கள் நகர்மன்றம் உண்மையில் முடிவெடுக்கிறது.

உங்களுக்கு மிக முக்கியமான ‘லாம்’ ஒன்று உண்டு. பழைய வீடு புதிய செட்பேக் அளவுக்குள் வராவிட்டாலும், பக்கவாட்டில் விரிக்க நகரம் அனுமதிக்கலாம். நிபந்தனைகள் உண்டு. விரிக்கிற பகுதி இப்போதிருக்கிற சுவர்க்கோட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போகக்கூடாது. சரிவையும், அதை ஒட்டி மேலே 20 அடிவரையிலான பகுதியையும் தொடக்கூடாது. ப்ளஃப் இம்பாக்ட் ஸோன் என்று வரைவில் வருவது அதுதான். விரித்த வீடு அளவிலும் பருமனிலும் பழைய வீட்டோடும் அக்கம்பக்கத்தோடும் ஒத்துப்போகவேண்டும். இந்தப் பிரிவை எழுதுவதும் விடுவதும் நகரத்தின் விருப்பம். மாதிரியில் இருந்தும் சில ஊர்கள் எடுத்துவிடுகின்றன. மாநில அளவைவிடக் கடுமையாக எழுதவும் நகரத்துக்குத் தடை இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு வழி இருக்கிறது. விதியின் நோக்கம் கெடாது என்று காட்டினால், வார்த்தைக்கு வார்த்தை பொருந்தாத பிரிவைக்கூட டி.என்.ஆர் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது நகரம் முன்னதாகவே கேட்டு வாங்கவேண்டியது. உங்கள் வரைவு ஒப்புதல் கட்டத்தைத் தாண்டிவிட்டதால், இப்போது அதைக் கிளப்பினால் தாமதம்தான் மிஞ்சும். பக்கவாட்டுப் பிரிவு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்களுக்கு லாபம்.

வீடும் நிலமும் உங்களுடையதுதான்

புறம்போக்குப் பயத்தை விட்டுவிடுங்கள். ஸோனிங் உரிமைப் பத்திரத்தைத் தொடுவதில்லை. யார் சொந்தக்காரர் என்பதில் அதற்கு அக்கறை இல்லை, அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் அதன் கவலை. ஆற்றுப் பார்வையைப் பாதுகாக்கும் பிரிவுகளைப் படித்துவிட்டு, ‘ஊரார் எங்கள் புல்வெளி வழியாக ஆற்றுக்கு நடக்கலாமா?’ என்று சிலர் கேட்பதுண்டு. அதுவும் கிடையாது.

உங்கள் பின்சுவர் 30 அடியில் இருக்கிறது, விதி கேட்பது 40. கட்டியபோது இருந்த விதிப்படி அனுமதியோடு கட்டியிருந்தால், அந்த வீட்டைச் சட்டவிரோதம் என்று யாரும் சொல்லமுடியாது. ‘சட்டப்படி பொருந்தாத கட்டடம்’ என்பது அதற்கு இங்குள்ள பெயர். கேட்க நன்றாக இல்லைதான், ஆனால் மினசோட்டா சட்டம் அதற்கு நல்ல பாதுகாப்புக் கொடுக்கிறது. நீங்கள் அதில் வாழலாம், விற்கலாம், பழுதுபார்க்கலாம், கூரை மாற்றலாம், உள்ளே புதுப்பிக்கலாம், அதே அளவில் திரும்பக் கட்டவும் செய்யலாம். விரிப்பது மட்டும் அந்தப் பாதுகாப்பில் சேராது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தீ விபத்து மாதிரி ஏதாவது நடந்து, கவுன்டி மதிப்பீட்டில் உள்ள சந்தை மதிப்பில் பாதிக்குமேல் வீடு அழிந்துபோனால், 180 நாளுக்குள் கட்டட பெர்மிட்டுக்கு மனுச் செய்யவேண்டும். தவறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இன்ஷூரன்ஸ்காரரோடு மல்லுக்கட்டுவதில் ஆறு மாதம் ஓடுவது ஒன்றும் அதிசயம் இல்லை. அதனால் இந்தத் தேதியை இன்ஷூரன்ஸ் ஃபைலின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். கூடவே உங்கள் பாலிசியில் ‘ஆர்டினன்ஸ் ஆர் லா’ கவரேஜ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். புதிய விதிப்படி கட்டவேண்டி வந்தால் கூடுகிற செலவுக்கு அது உதவும்.

நஷ்டஈடு? நேராகச் சொல்லிவிடுகிறேன், நம்பாதீர்கள். அமெரிக்க அரசியலமைப்பின்படி, விதி ஒன்று நிலத்தின் பயனை ஏறக்குறைய முழுவதும் பறித்தால்தான் வழக்கு வலுவாக நிற்கும். அதற்குக் குறைந்த இழப்பு என்றால் பல அம்சங்களை எடைபோட்டுப் பார்ப்பார்கள், பெரும்பாலும் அரசுதான் ஜெயிக்கும். உங்கள் பக்கத்து ஆற்றிலேயே உதாரணம் இருக்கிறது. செயின்ட் குரோய் ஆற்றங்கரையில் அடுத்தடுத்த இரண்டு மனைகள் வைத்திருந்த குடும்பத்தை, அதில் ஒன்றைத் தனியாக விற்க விதி அனுமதிக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2017இல் ‘மர் எதிர் விஸ்கான்சின்’ தீர்ப்பில், இரண்டையும் சேர்த்து ஒரே சொத்தாகப் பார்த்து, பறிமுதல் நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பத்தோடு குடியிருக்கிற வீட்டில், டெக் போட முடியவில்லை என்பதற்காக எந்த நீதிமன்றமும் காசோலை எழுதாது.

அறையும் டெக்கும்: அடிக்கணக்கு

உங்கள் 30 அடி, 46 அடி எல்லாம் டேப்பில் அளந்தவை. ‘புல்வெளி முடிகிற இடத்திலிருந்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் ப்ளஃப்லைன் அது அல்ல. குறைந்தது 25 அடி உயரம் ஏறுகிற, 25 அடி கிடைமட்டத் தூரத்துக்குச் சராசரி 18 சதவீதமோ அதற்கு மேலோ சாய்வுள்ள சரிவுதான் ப்ளஃப். அதன் மேல்விளிம்பு எங்கே என்று சர்வேயர்தான் மட்டம் வைத்துச் சொல்லவேண்டும். கண்ணுக்குத் தெரியும் விளிம்பிலிருந்து அது பல அடி உள்ளே வரலாம், வெளியேயும் போகலாம். ஆர்க்கிடெக்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் சர்வேயருக்குக் கொடுங்கள். படம் வரைந்து முடித்த பிறகு சர்வே எடுத்து, வரைந்த படத்தைக் குப்பையில் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, உங்கள் அளவு சரியே என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

டெக்குக்கு மாதிரி ஆர்டினன்ஸில் ஒரு சலுகை இருக்கிறது. வேரியன்ஸ் எனப்படும் விதிவிலக்கு வாங்காமலே, செட்பேக்கின் ஆழத்தில் 15 சதவீதம்வரை டெக் உள்ளே நீட்டலாம். 40 அடிக்கு அது 6 அடி. அப்படி நீட்டுகிற பகுதியின் பரப்புக்கும் வரம்பு உண்டு: செட்பேக் ஆழம், அதை 0.15ஆல் பெருக்கி, மனையின் அகலத்தால் பெருக்கி, பிறகு 0.25ஆல் பெருக்கவேண்டும். உங்களுக்கு 40 × 0.15 × 90 × 0.25, அதாவது 135 சதுர அடி.

இப்போது வீட்டைப் பாருங்கள். 30 அடியில் இருக்கிற பாதி ஏற்கெனவே 10 அடி உள்ளே போய்விட்டது. அங்கே இந்தச் சலுகையில் டெக்குக்கு இடம் இல்லை. சமையலறைப் பாதி 46இல் இருக்கிறது. அங்கிருந்து 40வரை 6 அடி தடையே இல்லை, 34வரை இன்னொரு 6 அடி சலுகையில். ஆக 12 அடி ஆழத்துக்கு டெக் வரும். 135ஐ 6ஆல் வகுத்தால் இருபத்திரண்டரை அடி நீளம். சமையலறையிலிருந்து காபியோடு வெளியே வந்து உட்கார தாராளமான இடம். அந்தப் பக்கத்திலேயே போடுங்கள்.

அறைக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. தெருப்பக்கம் விரிப்பது முதல் வழி. ப்ளஃப் பிரச்சினையே இல்லை, முன்பக்க செட்பேக்கைப் பார்த்தால் போதும். என் ஓட்டு இதற்குத்தான். ஆற்றுப் பார்வை கிடைக்காது என்று உங்கள் கணவர் முகம் சுளிக்கலாம். ஆனால் வீட்டுக்குள் நுழைந்தவுடன் அறை, படி இல்லை, கார் நிறுத்துமிடம் பக்கத்தில். முழங்கால் வலிக்கிறவருக்கு ஆற்றைவிட இது முக்கியம். இரண்டாவது, 30 அடிக் கோட்டிலேயே பக்கவாட்டில் நீட்டுவது. மேலே சொன்ன ‘லாம்’ பிரிவு உங்கள் ஊர் வரைவில் இருந்தால்தான் இது நடக்கும். பக்கத்து மனையோடு விடவேண்டிய இடைவெளியையும் பாருங்கள், 90 அடி மனையில் அதுதான் முட்டும். மூன்றாவது, சமையலறைக்குப் பின்னால் இருக்கிற மூலையை நிரப்பி இரண்டு சுவரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவது. ‘இருக்கிற கட்டடக் கோடு’ என்பதை உங்கள் நகரம் எப்படி வரையறுக்கிறது என்பதைப் பொறுத்தது அது. கிடைத்தாலும் டெக்கின் இடத்தை அறை தின்றுவிடும்.

மாமியாருக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் ராம்ப்புக்குத் தனி வழி இருக்கிறது. கூட்டரசின் வீட்டுவசதிச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதி செய்து கொடுக்கவேண்டும். செட்பேக்குக்குள் ராம்ப் அடங்காவிட்டால் இடைக்கால பெர்மிட்டில் அனுமதிக்கலாம், தேவை தீர்ந்ததும் எடுத்துவிடவேண்டும். இதையே காரணம் காட்டி முழு அறையையும் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வேரியன்ஸ் கடைசி வழி. ‘பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள், எங்களுக்கும் தருவார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மனை வேறு, உங்கள் மனை வேறு. ஒருவருக்குக் கொடுத்தது அடுத்தவருக்கு உரிமை ஆகிவிடாது. 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் இதை மிகக் கடுமையாக்கியது. 2011இல் சட்டமன்றம் தளர்த்தி, ‘நடைமுறைச் சிரமம்’ என்ற அளவுகோலை வைத்தது. நீங்கள் கேட்பது நியாயமான பயன்பாடா, சிரமம் அந்த மனைக்கே உரியதா அல்லது நீங்களே வரவழைத்ததா, அக்கம்பக்கத்தின் தன்மை மாறுமா என்று மூன்றையும் பார்ப்பார்கள். செலவு அதிகம் என்பது மட்டும் காரணமாகாது. தெருப்பக்கம் இடம் இருக்கும்போது ஆற்றுப்பக்கம்தான் வேண்டும் என்றால், முதல் கேள்வியிலேயே தடுமாறுவீர்கள்.

வேரியன்ஸ் மனு வந்தால் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே டி.என்.ஆருக்கு நகரம் தெரிவிக்கவேண்டும். டி.என்.ஆர் எதிர்த்து எழுதலாம், வந்து பேசலாம். ஆனால் முடிவு நகரத்துடையது. முன்பு செயின்ட் குரோய் ஆற்றில், நகரம் கொடுத்த வேரியன்ஸை ரத்துசெய்யும் அதிகாரம் தனக்கு உண்டு என்று டி.என்.ஆர் நடந்துகொண்டது. சட்டம் அப்படி ஓர் அதிகாரம் தரவில்லை என்று அதே 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு முழுமையாக இருந்தால் 60 நாளுக்குள் நகரம் பதில் சொல்லவேண்டும், எழுத்தில் தெரிவித்து இன்னும் 60 நாள் நீட்டிக்கொள்ளலாம். இரண்டையும் தவறவிட்டால் அனுமதித்ததாகவே கணக்கு.

இதைப் படித்ததும் ‘விதி வருவதற்குள் மனுப் போட்டுவிட்டால் பழைய விதிதானே?’ என்று தோன்றும். அப்படி நிச்சயம் இல்லை. வெறும் மனுவுக்குப் பழைய விதியில் உரிமை பிறப்பதில்லை. அனுமதி வாங்கி, கட்டுமானம் கணிசமாக முன்னேறியிருந்தால்தான் அந்த வாதம் எடுபடும்.

கடிதம் வரவில்லை என்பது

தபாலில் அறிவிப்பு வராதது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அதனால் சட்டம் விழுந்துவிடாது. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு நகரத்தின் அதிகாரப்பூர்வ செய்தித்தாளில் விளம்பரம் போடவேண்டும். 350 அடி தூரத்துக்குள் உள்ள வீடுகளுக்குத் தபால் அனுப்பவேண்டிய கட்டாயம், ஐந்து ஏக்கரோ அதற்குக் குறைவோ உள்ள இடத்தின் ஸோனிங் எல்லை மாறும்போதுதான். ஊரின் ஆற்றோரம் முழுவதற்கும் விதி வரும்போது, வேடிக்கையாக, அந்தக் கட்டாயம் இல்லை. சிறிய மாற்றத்துக்குத் தபால் வரும், பெரிய மாற்றத்துக்கு வராது! நகரத்தின் மின்னஞ்சல் அறிவிப்புப் பட்டியலில் இன்றே பெயர் சேருங்கள்.

இப்போது மரத்துக்கு வருவோம்

உங்கள் கணவரின் கணக்கு, இன்று விதி இல்லை, அடுத்த மாதம் வருகிறது என்பது. அங்கேதான் தவறு. புதிய ஆர்டினன்ஸ் வரும்வரை பழையது உயிரோடுதான் இருக்கிறது. ப்ளஃப்லைனிலிருந்து 40 அடிக்குள் ஒட்ட வெட்டக்கூடாது என்பது 1979 ஆணையிலேயே இருக்கிறது. உங்கள் நகரத்தின் இன்றைய சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். சனிக்கிழமை வெட்டினால் வரப்போகிற விதியை முந்தமாட்டீர்கள், இருக்கிற விதியை மீறுவீர்கள். அதன்பிறகு திரும்ப நடுவதற்கான திட்டம் கேட்பார்கள். அதைவிட முக்கியம், அறைக்காக அதே அலுவலர்கள் முன்னால் போய் நிற்கும்போது உங்கள் பெயர் அவர்களுக்குப் பரிச்சயமாகிவிட்டிருக்கும்.

சட்டத்தை விடுங்கள், உங்கள் வீடு நிற்கிற மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்கள்தான். மழைநீர் சரிவில் இறங்கும்போது மண்ணைக் கொண்டுபோகாமல் தடுப்பதும் அவைதான். 30 அடியில் சுவர் இருக்கிறவர்களுக்கு இது சும்மா சொல்கிற வார்த்தை இல்லை.

புதிய விதியும் மரத்தைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. அது தடுப்பது மொத்தமாக வெட்டுவதை, அதாவது தொடர்ச்சியான ஒரு திட்டில் மரங்களையும் புதர்களையும் முழுவதுமோ பெரும்பாலுமோ அகற்றுவதை. செடிகொடிப் போர்வை தொடர்ந்து இருக்கும்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேர்ந்து எடுக்கலாம். இருக்கிற புல்வெளியையும் தோட்டத்தையும் பராமரிக்கலாம். பட்டுப்போன, நோய் பிடித்த, விழுகிற நிலையில் உள்ள மரங்களை மொத்தமாக அகற்றவேண்டியிருந்தால் பெர்மிட் வாங்கிச் செய்யலாம். உங்கள் பார்வையை மறைப்பதில் பாதி பக்தார்ன் புதராக இருந்தால் ஆச்சரியமில்லை. வெளியிலிருந்து வந்து இங்கே பரவிய செடி அது. அதை எடுத்துவிட்டு உள்ளூர்ச் செடி நடுகிறேன் என்று போனால் நகர அலுவலகத்தில் நல்ல வரவேற்பு இருக்கும். ஆற்றுக்கு இறங்கப் படிக்கட்டும் கிடைக்கும்: நான்கு அடி அகலத்துக்குள், இடையில் நிற்கும் மேடை 32 சதுர அடிக்குள்.

கூட்டத்தில் பேசுவது

பேசலாம். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை கேட்கமாட்டார்கள், ஓட்டுப் போடுவதற்குத்தான் அது வேண்டும். வழக்கமாகப் பெயரும் முகவரியும் சொல்லவேண்டியிருக்கும். சில நிமிடம்தான் தருவார்கள். அதற்கு முன்பே நகரத்தின் பிளானருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பக்கவாட்டு விரிவுப் பிரிவு வரைவில் இருக்கிறதா, டெக் கணக்கு மாதிரியில் உள்ளதுபோலவே இருக்கிறதா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். எழுத்தில் வந்த பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டினன்ஸ் வேண்டாம் என்று வாதாடிக் கிடைத்த நிமிடங்களை வீணாக்காதீர்கள், நகர்மன்றத்தால் அதைத் தர முடியாது. பக்கவாட்டுப் பிரிவு விடுபட்டிருந்தால் இப்படிச் சொல்லுங்கள்: “எங்கள் வீடு 1964இல் கட்டியது. வயதான பெற்றோருக்கு ஓர் அறை வேண்டும். ஆற்றுப் பக்கம் ஓர் அங்குலமும் நகர மாட்டோம். இருக்கிற கோட்டுக்குப் பின்னால் விரிக்க நீங்கள் அனுமதிக்கலாம் என்று மாநில விதியே சொல்கிறது. மாதிரியில் உள்ள அந்தப் பிரிவைச் சேர்த்து டி.என்.ஆருக்குத் திரும்ப அனுப்புங்கள்.” பிரிவு இருந்தால், நன்றி சொல்லிவிட்டு, அதை எடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்லியிருக்கிறேன். சர்வே வந்ததும், வரைவின் நகலோடு உள்ளூர் நில வழக்கறிஞர் ஒருவரை ஒரு மணி நேரம் பாருங்கள். மரம் வெட்டுகிறவருக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வராது என்றால், பக்தார்ன் எடுக்கும் வேலைக்கு அதைக் கழித்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.